தலச்சேரியைக் கழித்துவிட்டால் கிருஷ்ணய்யர் இல்லை

வி.ஆர். கிருஷ்ணய்யரைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு கதை தயாராக இருக்கிறது. நல்ல வக்கீலாக இருந்தவர் அரசியலில் போய் மாட்டிக்கொண்டார், கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராகக்கூட இருந்துவிட்டார். நல்லவேளையாகத் தேர்தலில் தோற்று வெளியே வந்தார், நீதிபதி அங்கியை மாட்டியதும் பழையதையெல்லாம் உதறினார், அதனால்தான் அப்பேர்ப்பட்ட தீர்ப்புகளை எழுத முடிந்தது. நினைவு மலர்களிலும் சட்டக் கருத்தரங்குகளிலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான். சட்டமன்றத்தில் அவர் இருந்த காலத்துக்கு அரை வரி. உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஏழாண்டுகளுக்குப் பக்கம் பக்கமாக.

இந்தக் கதை பொய். கேட்பதற்குப் பாராட்டாக இருப்பதால் யாரும் இதைத் தட்டிக்கேட்பதில்லை. கிருஷ்ணய்யர் எதையும் உதறவில்லை. தலச்சேரி நீதிமன்றத்தில் கற்றதையும், இரண்டு சட்டமன்றங்களில் கற்றதையும், அமைச்சர் அறையில் கோப்புகளைப் பார்த்துக் கற்றதையும் டெல்லிக்குக் கையோடு கொண்டுபோனார். அவருடைய பெரிய தீர்ப்புகளில் முக்கால்வாசி, மக்கள் பிரதிநிதியாக இருந்த ஒருவரால் மட்டுமே எழுதியிருக்கக் கூடியவை. ‘அரசியலில் இருந்தும் நல்ல நீதிபதியானார்’ என்பவர்கள் மனிதரைப் புகழ்ந்துகொண்டே அவரை ஆக்கிய வாழ்க்கையை இழிவு செய்கிறார்கள்.

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர். அப்பாவும் வக்கீல். 1930களின் பிற்பகுதியில் தலச்சேரியில் அவர் தொழில் தொடங்கினார்; அந்த ஊர் இருந்த மலபார் அன்று மதராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம். நிலம் ஜன்மிகள் எனப்பட்ட நிலவுடைமையாளர்களிடம்; உழுதவருக்கு இருந்ததெல்லாம், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிச்சயம் மட்டும். குத்தகைக்காரர்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வக்காலத்துப் போட்ட இளம் வக்கீலை 1948இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்கிறார் என்று சொல்லிப் பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். கட்சிக்காரருக்காக வாதாடியதற்காகவே உள்ளே போனவர் அவர். சிறை என்பது அவருக்குச் சட்டப் புத்தகத்தில் வரும் ஓர் இடமாக அதற்குப் பிறகு இருந்திருக்க வழியில்லை.

1952இல் கூத்துபரம்பிலிருந்து மதராஸ் சட்டமன்றத்துக்கு வந்தார். 375 உறுப்பினர்கள் கொண்ட பேரவை. காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ராஜாஜி முதல்வராக அழைத்துவரப்பட்டார். கிருஷ்ணய்யர் எதிர் வரிசையில். மொழிவாரி மாநிலங்கள் பிரிந்து 1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடு சேர்ந்த பிறகு, 1957 தேர்தலில் கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு சுயேச்சையாகத் தலச்சேரியில் நின்று வென்றார். இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டத் துறையோடு சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம், சமூக நலம் என்று பலவும் அவரிடம் வந்தன.

அந்த இருபத்தெட்டு மாதங்களைத்தான் நம் புகழுரையாளர்கள் தாண்டிக் குதிக்கிறார்கள். 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற அரசு, ஒரு வாரம் முடிவதற்குள் நிலத்திலிருந்து குடியானவர்களை வெளியேற்றும் நடவடிக்கைகளை நிறுத்திவைத்து அவசரச் சட்டம் போட்டது. தலச்சேரியில் ஒவ்வொரு குத்தகைக்காரருக்காகவும் தனித்தனியே வாய்தா வாங்கி வாங்கிக் காப்பாற்ற முயன்ற ஒரு மனிதர், ஒரே கையெழுத்தில் மாநிலம் முழுவதற்கும் அதைச் செய்யும் அரசாங்கத்தின் சட்ட அமைச்சராக இருந்தார். சட்டத்தால் எவ்வளவு முடியும் என்பதை அன்று அவர் பார்த்தார்.

எவ்வளவு முடியாது என்பதையும் அடுத்த ஆண்டே பார்த்தார். கல்வி மசோதாவைக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார். கேரள அரசுக்காக வாதாட இங்கிலாந்திலிருந்து டி.என். பிரிட் வந்தார். 1958 மே மாதம் வந்த கருத்து, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளைப் பொறுத்தவரை மசோதாவின் சில பிரிவுகள் அரசியலமைப்பின் 30ஆவது பிரிவோடு மோதுவதாகச் சொன்னது. மசோதாவைத் திருத்த வேண்டியிருந்தது. பின்னர் நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கும் அதே கதி: 1961 டிசம்பரில் காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதிகளின் ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அடித்தது. ஒரு சட்டத்தின் பின்னால் எத்தனை கூட்டங்கள், எத்தனை சமரசங்கள், எத்தனை பேரின் எதிர்பார்ப்பு இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், அது நீதிமன்றத்தில் விழுவதை மக்கள் பக்கத்திலிருந்து பார்த்தார். பிற்காலத்தில் நிலச் சட்டங்கள், தேசியமயமாக்கல், நகர்ப்புற நில உச்சவரம்பு என்று வழக்குகள் அவர் முன் வந்தபோது, சட்டமன்றம் செய்ததை எளிதில் வெட்டக் கூடாது என்ற நிதானம் அவரிடம் இருந்ததென்றால் அதற்குக் காரணம் சித்தாந்தம் மட்டும்தானா? வெட்டப்பட்ட பக்கத்தில் இருந்த அனுபவமும் இல்லையா?

இங்கே ஒன்றை மறைக்க நான் விரும்பவில்லை. அதே அமைச்சரவையின் காலத்தில்தான் 1959 ஜூன் 13 அன்று அங்கமாலியில் போலீஸ் சுட்டு ஏழு பேர் இறந்தார்கள். அரசுக்கு எதிரான கிளர்ச்சி எவ்வளவு தூண்டப்பட்டதாக இருந்தாலும் ஏழு பேரின் உயிர் அதில் கரைந்துவிடாது. அந்த அமைச்சரவையில் இருந்த எவருக்கும் அதில் பங்கு உண்டு, கிருஷ்ணய்யர் உட்பட. அவருடைய அரசியல் வாழ்க்கை முழுக்கத் தூய்மை என்று காட்டுவது என் நோக்கமில்லை. ஆனால் போலீஸ் துப்பாக்கி அரசாங்கத்தின் பெயரில் எப்படி வெடிக்கிறது என்று உள்ளிருந்து தெரிந்த ஒருவர்தான் பின்னால் கைவிலங்கு, தனிமைச் சிறை, காவல் விசாரணை ஆகியவற்றில் அதிகாரத்தின் சொல்லை அப்படியே நம்ப மறுத்தார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது. 1960 தேர்தலில் தலச்சேரியில் மிகச் சொற்ப வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தேர்தல் வழக்குப் போட்டு, அதில் வென்று, சட்டமன்றத்துக்குள் திரும்பப் போனார். 1965இல் மீண்டும் நின்று தோற்றார். வக்கீல் தொழிலுக்குத் திரும்பியவர் 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். இந்தத் தேர்தல் வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1975க்கு வரும்போது அது தேவைப்படும்.

1973 ஜூலையில் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது எதிர்ப்பு பலமாக இருந்தது. பம்பாயின் பெயர்பெற்ற வழக்கறிஞர்கள் சிலரே எதிர்த்தார்கள். அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஷேலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அரசாங்கத்தின் சமூகப் பார்வைக்கு இசைந்த நீதிபதிகள் வேண்டும் என்று மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே வாதிட்டிருந்தார். அந்தச் சூழலில் ஒரு முன்னாள் அமைச்சர், அதுவும் இடதுசாரி ஆதரவில் வென்றவர், உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார் என்றால் சந்தேகம் வராமல் இருக்காது. ஆனால் சந்தேகத்தின் தர்க்கத்தைப் பாருங்கள். தாண்டப்பட்ட மூவரில் ஒருவரான கே.எஸ். ஹெக்டே 1950களில் மாநிலங்களவையில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தவர். அந்தக் கட்சிக்காரர்தான் அதே கட்சியின் அரசாங்கத்துக்கு வளையாத நீதிபதியாக இருந்து, தாண்டப்பட்டதும் பதவி விலகினார். அரசியலிலிருந்து வருகிறவர் அரசியலுக்கே வளைவார் என்ற வாதத்தை, அதை முன்வைத்தவர்கள் யாருக்காகக் கோபப்பட்டார்களோ அவருடைய வாழ்க்கையே பொய்யாக்கியது. கிருஷ்ணய்யரை அன்று எதிர்த்தவர்களில் சிலர் பின்னாளில் தாங்கள் எண்ணியது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மையைப் பாராட்டுகிறேன். எங்கே தவறினோம் என்று அவர்கள் இன்னும் ஆழமாகத் தேடியிருக்கலாம்.

இப்போது 1975. ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் ரேபரேலி தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். மத்திய சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே தொலைபேசியில் கூப்பிட்டு, வந்து பார்க்கலாமா என்று கேட்டார். எதற்கு என்று விசாரித்த கிருஷ்ணய்யர், மேல்முறையீட்டு விஷயமென்றால் என்னைப் பார்க்கத் தேவையில்லை, பதிவாளரிடம் மனுவைத் தாக்கல் செய்யுங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அவரே பின்னாளில் எழுதிவைத்த செய்தி இது. கோகலேயும் முன்பு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். ஒரு முன்னாள் நீதிபதி அமைச்சராகித் தொலைபேசியை எடுக்கிறார். ஒரு முன்னாள் அமைச்சர் நீதிபதியாகி அதை வைக்கிறார். சட்ட அமைச்சர் ஒரு நீதிபதியைச் ‘சும்மா பார்க்க’ வருவதன் பொருள், அந்த நாற்காலியில் இருந்து பார்த்தவருக்குத் தெரியாமல் போகுமா?

ஜூன் 23 அன்று வழக்கைக் கேட்டார். இந்திராவுக்கு நானி பல்கிவாலா, இந்திராவை எதிர்த்துத் தேர்தல் வழக்குப் போட்ட ராஜ் நாராயணுக்கு சாந்தி பூஷண். மறுநாளே உத்தரவு. பிரதமராக நீடிக்கலாம், அந்த முறையில் இரு அவைகளிலும் பேசலாம். ஆனால் மக்களவை உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, உறுப்பினருக்கான ஊதியம் பெறக் கூடாது. நிபந்தனையற்ற தடை கேட்டவர்களுக்குக் கிடைத்தது நிபந்தனையோடு கூடிய தடை. அடுத்த நாள் இரவு நெருக்கடி நிலை.

இந்த உத்தரவை இரண்டு பக்கமும் இன்றுவரை திட்டுகிறார்கள். முழுத் தடை கொடுத்திருந்தால் நெருக்கடி நிலையே வந்திருக்காது என்கிறது ஒரு தரப்பு. தடையே கொடுக்காமல் விட்டிருக்க வேண்டும், பழைய அரசியல் பாசம் கையைத் தடுத்தது என்கிறது இன்னொன்று. முதல் தரப்பு கேட்பது அச்சத்துக்குப் பணிந்த நீதியை. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தவர்களின் குற்றத்தை நீதிபதியின் தலையில் கட்டுகிற வாதம் அது. இரண்டாம் தரப்பு, தேர்தல் மேல்முறையீடுகளில் என்ன வழக்கம் என்று பார்க்கவில்லை. தேர்தல் ரத்தான எந்தச் சாதாரண உறுப்பினருக்கும் மேல்முறையீட்டில் கிடைத்துவந்தது இதே நிபந்தனைத் தடைதான். நாட்டின் பிரதமருக்கு அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்றார் அவர். பதவியில் நீடிப்பது அரசியல் நாகரிகமா என்பதை நீதிமன்றம் சொல்லாது, அது மக்களும் நாடாளுமன்றமும் தீர்க்க வேண்டியது என்று ஒதுங்கினார். அமைச்சர் ஒருவர் உறுப்பினராக இல்லாமலேயே அவையில் பேச முடியும், வாக்களிக்க முடியாது என்ற கோடு, சட்டப் புத்தகத்தில் 88ஆவது பிரிவு; சட்டமன்றத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்தவருக்குத் தினசரி நடைமுறை. தேர்தல் வழக்கு நடக்கும் காலத்தில் தொகுதி எப்படித் தொங்கலில் நிற்கும் என்பதும் தலச்சேரிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவரே மனுதாரராக அலைந்தவர். நாட்டையே உலுக்கிய வழக்கில் ஒரே நாளில் அவ்வளவு தெளிவாகக் கோடு கிழித்தது, அரசியலை மறந்ததால் இல்லை. அதை நன்றாகத் தெரிந்ததால்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஜபல்பூர் வழக்கு வந்தது. நெருக்கடி நிலையில் ஆளைப் பிடித்து அடைத்தால் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவே கிடையாதா என்ற கேள்விக்கு, கிடையாது என்றார்கள் நான்கு நீதிபதிகள்: ராய், பெக், சந்திரசூட், பகவதி. மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர். அந்த நான்கு பேரில் சட்டமன்றத்திலோ அமைச்சரவையிலோ இருந்து வந்தவர் ஒருவருமில்லை. அரசியல் அழுக்குப் படாத, வழக்கறிஞர் தொழிலிலிருந்து நேராக மேலே ஏறிய பெருந்தகைகள். தேசத்தின் சுதந்திரம் அவர்கள் கையில்தான் நழுவியது. கன்னாவும் அரசியல்வாதி இல்லைதான். அதனால் அரசியல்வாதிகள் மட்டுமே துணிவானவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அரசியலில்லாத பூர்வீகம் நீதிபதிக்கு முதுகெலும்பைத் தரும் என்ற நம்பிக்கை அன்று செத்தது என்கிறேன். அதன் சடலத்தை இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறோம்.

நெருக்கடி நிலைக்குப் பின் வந்த தீர்ப்புகளில் இரண்டை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மோதி ராம் ஒரு கொத்தனார். அவருக்கு ஜாமீன் கொடுக்கச் சொல்லிவிட்டது உச்ச நீதிமன்றம். மத்தியப் பிரதேசத்தின் மாஜிஸ்ட்ரேட், பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கொண்டுவா என்றார். சகோதரரும் பிணைக்கு முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அதையும் மாஜிஸ்ட்ரேட் தள்ளிவிட்டார். நாட்டின் உச்ச நீதிமன்றம் திறந்த கதவைக் கீழே ஒரு மேசையில் மூடிவிட்டார்கள். 1978இல் வழக்கு திரும்ப வந்தபோது கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தெற்கிலிருந்து வடக்கே வேலைக்குப் போன ஒருவர் அங்கே கைதானால் உள்ளூரில் சொத்துள்ள பிணைதாரரை எங்கே தேடுவார் என்று கேட்டார். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் பிணைக்கு ஆள் கிடைக்காமல் கட்சிக்காரரின் குடும்பம் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவருடைய கேள்வி அது.

ரத்லம் இன்னும் கூர்மையானது. அந்த ஊரின் ஒரு வார்டில் சாக்கடை இல்லை, கழிப்பிடம் இல்லை, சாராய ஆலையின் கழிவு தெருவில் ஓடியது. குடியிருப்பவர்கள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவில் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனார்கள். ஆறு மாதத்தில் திட்டம் போடு என்று நகராட்சிக்கு உத்தரவு கிடைத்தது. நகராட்சியோ உச்ச நீதிமன்றம் வரை வந்து, எங்களிடம் நிதி இல்லை என்றது. எத்தனையோ நீதிமன்றங்கள் இந்த ஒற்றை வரியில் தளர்ந்துபோயிருக்கின்றன; நிதி நிர்வாகத்தின் விஷயம், நாம் எப்படித் தலையிடுவது என்று. 1980 ஜூலையில் கிருஷ்ணய்யர் அதை ஏற்க மறுத்தார். சட்டம் விதித்த கடமைக்குப் பணமில்லை என்பது சாக்காகாது என்று சொல்லி, வேலையை முடிக்கக் காலக்கெடு வைத்தார். ‘நிதி இல்லை’ என்ற குறிப்பு ஒரு கோப்பில் எந்தக் கட்டத்தில் எழுதப்படுகிறது, அதற்கு எத்தனை அர்த்தங்கள் உண்டு, வேண்டுமென்றால் நிதி எங்கிருந்து வருகிறது: இது அமைச்சராக இருந்தவருக்குத் தெரியும். நீதிமன்றத்தையே பார்த்து வளர்ந்தவர் அந்த வரியைத் தகவலாக எடுத்துக்கொள்வார். அவர் அதை ஓர் அலுவலகப் பழக்கமாகக் கண்டுகொண்டார்.

சிறை வழக்குகளுக்கும் இதுவே. ஹாஸ்காட் வழக்கில் மனுதாரர் தோற்றார். ஆனால் தீர்ப்பின் நகல் சிறைக்குள் இருப்பவரின் கைக்கு இலவசமாகப் போய்ச் சேர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வக்கீல் அரசு செலவில் கிடைக்க வேண்டும் என்ற விதி பிறந்தது. திஹார் சிறையிலிருந்து சுனில் பத்ரா, சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதை எழுதிய கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகக் கையாளும் அந்தத் தீர்ப்புகளை எழுதியவர், ஒரு மாதம் கைதியாகவும் இரண்டு ஆண்டு சிறைத் துறை அமைச்சராகவும் இருந்தவர். ஏழைகளுக்குச் சட்ட உதவி என்ற கருத்தும் அப்படியே: கேரளத்தில் அவர் அமைச்சராக இருந்தபோது விதிகளாக வந்தது, 1973இல் அவர் தலைமையேற்ற குழுவின் அறிக்கையாக வளர்ந்தது, பின்னர் அரசியலமைப்பின் 39-அ பிரிவுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டத்துக்கும் வழி வகுத்தது.

எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆங்கிலம் பல இடங்களில் வாசகரைத் திணறடிக்கும். ஏழைக்காக எழுதிய தீர்ப்பை ஏழையின் வக்கீலே அகராதியோடு வாசிக்க வேண்டியிருந்தது உண்மையான குறை. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ‘தொழில்’ என்பதற்கு அவர் கொடுத்த பரந்த பொருள் பின்னாளில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் ஆய்வுக்குப் போனது. தூக்குத் தண்டனையைக் குறுக்க அவர் எடுத்த நிலையைப் பச்சன் சிங் வழக்கில் பெரிய அமர்வு ஏற்கவில்லை. இவற்றில் விவாதிக்க நிறைய உண்டு. ஆனால் இதில் எந்தக் குறையும் அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்ததால் வந்ததில்லை.

பகருல் இஸ்லாமை எடுத்துக்கொண்டு வருவார்கள், எனக்குத் தெரியும். காங்கிரஸ் மாநிலங்களவை உறுப்பினர், கௌஹாத்தி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், ஓய்வுக்குச் சில வாரங்களே இருக்கையில் 1983இல் விலகிக் காங்கிரஸ் வேட்பாளர், மறுபடியும் மாநிலங்களவை. வெட்கக்கேடுதான். ஆனால் அங்கே தவறு எங்கே இருந்தது? அவர் எங்கிருந்து வந்தார் என்பதில் இல்லை. திரும்பிப் போக ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்ததில். கிருஷ்ணய்யர் 1980இல் ஓய்வுபெற்றுக் கொச்சிக்கு வந்தார். ஏழாண்டு கழித்து ஒருமுறை தேர்தலில் நின்றார்: 1987 குடியரசுத் தலைவர் தேர்தலில், ஆளுங்கட்சிக்கு எதிராக, ஆர். வெங்கட்ராமனிடம் தோற்பது உறுதி என்று எல்லோரும் அறிந்த தேர்தலில்.  இதில் யாருக்கு யார் பதவிக் கடன்பட்டார்கள்? நீதிபதி நியமனத்தில் கடுமையாகக் கேட்க வேண்டிய கேள்விகள் ஓய்வுக்குப் பிந்திய பதவிகளைப் பற்றியவை. அவற்றை விட்டுவிட்டு, ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தொகுதியில் நின்றார் என்று தோண்டுகிறோம். இந்தத் தோண்டலால் நன்மை பெறுபவர்கள், கட்சி அட்டை இல்லாமலே அதிகாரத்துக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கிறவர்கள். அவர்கள்மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

1952 முதல் 1956 வரையிலான மதராஸ் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. 1957க்குப் பிந்திய கேரளச் சட்டமன்றக் குறிப்புகளும் இருக்கின்றன. சட்டக் கல்லூரிகள் கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளைப் பாடமாக வைக்கும்போது அவர் அவையில் பேசியவற்றையும் தொகுத்துப் பக்கத்தில் வைக்கட்டும். சிறைத் துறை அவர் கையில் இருந்த ஆண்டுகளின் மானியக் கோரிக்கை விவாதங்களைப் படித்துவிட்டு மாணவர்கள் சுனில் பத்ராவுக்கு வரட்டும். நிலச் சட்ட விவாதங்களைப் படித்துவிட்டு நில உச்சவரம்பு வழக்குகளுக்கு வரட்டும். அந்த மனிதர் எங்கே மாறினார், எங்கே மாறவில்லை, எங்கே தவறினார் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.